விங்கியின் பாட்டிக்குப் பெயர் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வாசிப்பு வட்டம் காலனி சமுதாயக் கூடத்தில் கூடும். கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு டியூப் லைட், அதில் ஒன்றுதான் எரியும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். நாங்கள் மூன்று பேர். மூவரும் ஒன்றாகச் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். இப்போது ஒரே பகுதியில் சமூகப் பணி செய்கிறவர்கள். பாடப்புத்தகத்தை இங்கே தொடக் கூடாது என்பது மட்டும்தான் விதி. பிள்ளைகள் கேட்கிற கதையைப் படிப்போம். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் ஒரு பத்தி வாசித்து, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவோம்.

போன வருடம் அவர்கள் கேட்டது ஹாரி பாட்டர். படங்களை ஏற்கெனவே டிவியிலும் செல்போனிலும் பார்த்துத் தீர்த்திருந்தார்கள். நான்காம் புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இந்த விங்கி படத்துல வரவே இல்லையே?"

வரவில்லைதான். புத்தகம் வந்தது 2000இல், படம் வந்தது 2005இல். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் விங்கி காணாமல் போய்விட்டாள். அவள் இல்லாமலேயே கதை ஓடியது. யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

படிக்காத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜே.கே. ரௌலிங் எழுதிய அந்த மந்திர உலகில் 'வீட்டு எல்ஃப்' என்று ஒரு இனம் உண்டு. பெரிய குடும்பங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும். உடுத்தத் துணி கிடையாது. தலையணை உறையோ டீ டவலோ சுற்றிக்கொள்ளும். எஜமான் ஒரு துணியைக் கையில் கொடுத்தால் விடுதலை. விங்கி, கிரவுச் என்ற பெரிய அதிகாரியின் வீட்டு எல்ஃப். குவிடிச் உலகக்கோப்பைப் போட்டியில், உயரத்தைக் கண்டால் நடுங்குகிற அவள், எஜமானுக்கு இடம் பிடித்து உச்சி மாடத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றிரவு ஒரு கலவரம். குற்றம் நடந்த இடத்தில் அவள் கையில் ஒரு மந்திரக்கோல் இருந்ததாகப் பிடிக்கிறார்கள். எஜமான் எல்லார் முன்னாலும் அவளை வேலையை விட்டுத் துரத்துகிறார். அவள் காலில் விழுந்து கெஞ்சுகிறாள். பிறகு ஹாக்வார்ட்ஸ் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைக்கிறது. அங்கே அழுகை, அவமானம், குடி. மற்ற எல்ஃபுகள் அவள்மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடிவிட்டு, வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கின்றன.

இவ்வளவுதான் அவள். ஆனால் ஒரு இடத்தில் அவளே வாய் திறந்து, தனக்கு முன் தன் அம்மாவும், அம்மாவுக்கு முன் பாட்டியும் இதே கிரவுச் குடும்பத்துக்கு உழைத்தவர்கள் என்று சொல்கிறாள். ஒரே வாக்கியம். அதைத் தமிழில் சொன்னதும் கூடத்தில் பேச்சு நின்றது.

"அவங்க பாட்டிக்குப் பேர் என்னக்கா?" என்று கேட்டாள் அதே பிள்ளை.

புத்தகத்தில் இல்லை என்றோம். அம்மாவுக்கும் பெயர் இல்லை. கிரவுச் குடும்பத்துக்கு மட்டும் அப்பா பெயரே மகனுக்கும் வைக்கிற அளவுக்குப் பெயர் இருக்கிறது.

தோழர்களே, மாயாஜாலக் கதையில் போய்ச் சாதியைத் தேடுகிறீர்களே என்று சிலர் கேட்பார்கள். நாங்கள் தேடிப் போகவில்லை. பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட வேலை, தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக் கொல்லை, கூலி கேட்பதே அவமானம் என்ற பயிற்சி. இதைப் படித்துக்காட்டினால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. வேறு நாட்டு எழுத்தாளர், வேறு வரலாற்றை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அடிமைமுறையும் பெரிய மாளிகை வேலைக்காரர் முறையும் கொண்ட நாடு அது. ஆனால் கதை கூடத்துக்குள் வந்துவிட்டால், அதைக் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்துதான் கேட்பார்கள்.

அன்று பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவன் கோபப்பட்டான். "அப்போ நம்மள எல்ஃபுன்னு சொல்றீங்களா? அதுங்களுக்கு அடிமையா இருக்கத்தான் பிடிக்குதுன்னு எழுதியிருக்கு."

சரியான கோபம். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாமல் அன்றைக்கு முழுவதும் அதிலேயே நின்றோம். கதையில் எல்ஃபுகளுக்கு அடிமைத்தனம் பிடித்திருக்கிறது என்று சொல்பவர்கள் யார் என்று பட்டியல் போட்டோம். ரான் சொல்கிறான். ஜார்ஜ், சமையலறைக்கே போய்ப் பார்த்தோம், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்கிறான். நல்ல மனிதனான ஹாக்ரிட், சம்பளம் கொடுப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் கொடுமை, அது அவர்கள் இயல்பு என்கிறான். சொல்பவர்கள் எல்லாரும் அந்தச் சமையலைச் சாப்பிடுகிறவர்கள். "அவங்களுக்குப் பழகிடுச்சு, நாத்தமே தெரியாது" என்று எங்கள் ஊரில் சொல்பவர்கள் யார் என்று கேட்டோம். தம்பி பதில் சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டான். எல்ஃபுகளே அப்படிச் சொல்கின்றனவே என்றால், அவற்றின் வாயில் அந்தச் சொல்லை வைத்த பேனா ஒன்று இருக்கிறது. நம் மக்கள் 'பக்தியோடு, விசுவாசத்தோடு' உழைத்ததாக எழுதிய பேனாக்களும் இருந்தன. எல்ஃப் யாரோ படைத்த பாத்திரம், நாம் அப்படி அல்ல. ஆனால் இரண்டைப் பற்றியும் எழுதியவர்கள் சாப்பாட்டு மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றை ரௌலிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கேள்வியைக் கதைக்குள்ளேயே கேட்க ஹெர்மாய்னி என்ற பெண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃபுகள் சமைக்கின்றன என்று நான்காம் வருடத்தில்தான் அவளுக்குத் தெரிகிறது. உடனே தட்டைத் தள்ளிவிடுகிறாள். பள்ளியின் வரலாற்றைச் சொல்லும் ஆயிரம் பக்கப் புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று கொதிக்கிறாள். வரலாற்றுப் புத்தகத்தை இப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும், பாதி சமூகவியல் வகுப்பு முடிந்தது.

அடுத்து இன்னொன்றைக் கவனித்தோம். இந்தத் தொடரில் யாருக்குப் பின்கதை கிடைக்கிறது? டாபிக்குக் கல்லறையும் அதில் பெயரும் கிடைக்கின்றன. நாயகனைக் காப்பாற்றி உயிரை விட்டதால். கிரீச்சர் என்ற கிழட்டு எல்ஃப் இரண்டு புத்தகங்களாகத் திட்டு வாங்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. ஏழாவது புத்தகத்தில் ஒரு லாக்கெட் எங்கே போனது என்று நாயகனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அப்போதுதான் "உட்கார், சொல்" என்கிறார்கள். அது சொல்லும் கதை, தன் எஜமானன் ரெகுலஸ் குகைக்குள் எப்படிச் செத்தான் என்பது, தொடரிலேயே மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. இத்தனை வருடம் யாரும் கேட்காததால்தான் அந்தக் கதை வெளியே வரவில்லை. கிரவுச் தன் எல்ஃபை நடத்திய விதத்தை வைத்து அவரை எடைபோட வேண்டும் என்று நான்காம் புத்தகத்தில் பாடம் சொன்ன சிரியஸே, தன் வீட்டு கிரீச்சரிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. அடுத்த புத்தகத்தில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறார். பேச்சில் முற்போக்கு, வீட்டுக்குள் வேறு. இதற்கு உதாரணம் தேடி நாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை.

விங்கியின் பின்கதையை நமக்குச் சொல்வது யார் தெரியுமா? எஜமானின் மகன். உண்மை பேச வைக்கும் மருந்தைக் கொடுத்து அவனை விசாரிக்கிறார்கள். தன்னைப் பல வருடங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தது, விங்கிதான் காவலும் பராமரிப்பும் செய்தது, அவன் வெளிக்காற்று பார்க்கட்டும் என்று எஜமானிடம் மாதக்கணக்கில் கெஞ்சியது, போட்டியில் அவள் பக்கத்தில் இருந்த 'காலி' இருக்கையில் கண்ணுக்குத் தெரியாமல் தான்தான் உட்கார்ந்திருந்தது என்று எல்லாவற்றையும் அவன் சொல்கிறான். விங்கி அதே அறையில் அழுதுகொண்டு இருக்கிறாள். அவளை ஒரு கேள்வி கேட்பதற்கும் யாருக்கும் தோன்றவில்லை. ஏழாம் புத்தகப் போரில் எல்ஃபுகள் கத்தியோடு கூட்டமாக வருகின்றன. முன்னால் கிரீச்சர் வருகிறது. கூட்டத்தில் விங்கி இருந்தாளா என்று புத்தகம் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம் எங்களுக்கு நேராக உறைத்தது. அந்த உலகத்தில் மனிதரல்லாதவர் மந்திரக்கோல் வைத்திருக்கச் சட்டப்படி தடை. விங்கி செய்த முதல் குற்றமே கையில் கோல் இருந்தது. ஏகலைவன் கையில் வில் இருந்தது. சம்பூகன் தவம் செய்தான். ஏகலைவனின் கதை கட்டை விரலோடு நமக்குப் போதுமென்று நிறுத்தப்படுகிறது. சம்பூகன் சாவதற்காகவே காவியத்துக்குள் வருகிறான். அவன் அம்மா யார், எந்த ஊர், அந்தக் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான், எதுவும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சம்பூகனை எடுத்துப் பேசும்போது, அது ராமன் என்ற தனிமனிதனின் குரூரம் என்று முடித்துவிடவில்லை. வருண முறை நிற்க வேண்டுமானால் தண்டனை அதற்குத் தேவைப்படுகிறது என்று காட்டினார். கிரவுச்சும் அப்படித்தான். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம். அவர் சட்டப்படி நடந்த, மரியாதைக்குரிய அதிகாரி.

துணைப்பாத்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்த எழுத்தாளர்கள் இல்லாமலில்லை. டோல்கீனின் 'இரு கோபுரங்கள்' 1954இல் வந்தது. அதில் தோட்டக்கார சாம், தன் காலடியில் செத்து விழுந்த எதிரிப் படைவீரன் ஒருவனைப் பார்த்து, இவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், உண்மையில் கெட்டவன்தானா, என்ன பொய்யும் மிரட்டலும் இவனை இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தது என்று யோசிக்கிறான். அந்த வீரன் தெற்கத்திக்காரன், பழுப்பு நிறத் தோல். சில வரிதான். உடனே கதை ஒரு பெரிய யானையைக் காட்ட ஓடிவிடுகிறது. அந்தக் கேள்வியை நாயகர்களோ மன்னர்களோ கேட்கவில்லை, ஒரு வேலைக்காரன் கேட்கிறான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1999இல் கிரில் எஸ்கோவ் என்ற ரஷ்ய எழுத்தாளர் அதே போரைத் தோற்றவர்கள் பக்கமிருந்து ஒரு நாவலாகவே எழுதினார்.

இதெல்லாம் பேசிவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். கதையில் ஓரிரு வரி மட்டும் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கதைக்குள் வருவதற்கு முந்தைய ஒரு நாளை எழுதுங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை விங்கியின் பாட்டியை எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றரைப் பக்கம். பாட்டி சிறுமியாக இருக்கிறாள். அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் அன்றைக்கு மட்டும் அவளைக் கிரவுச் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முன்வாசல் வழியாகப் போகிறாள், திட்டு விழுகிறது. பிறகு யாரோ பின்சந்தைக் காட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பையன் அவள் வயதுக்காரன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கிறாள், சாப்பிட முடியவில்லை. கையை மோந்து மோந்து பார்க்கிறாள். "ஒரு நாளைக்குத்தானேம்மா?" என்று கேட்கிறாள். அம்மா திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அங்கே முடிகிறது.

அவள் வாசித்து முடித்ததும் எங்கள் மூவருக்கும் ஒரே சந்தேகம். ஹாக்வார்ட்ஸ் உலகத்தில் எதற்குப் பின்சந்து? எதற்குக் கை நாற்றம்?

"எங்க ஆயா சொன்னதுதான். கொஞ்சம் மாத்திக்கிட்டேன்" என்றாள்.

அவள் ஆயாவை எங்களுக்குத் தெரியும். பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் எடுப்புக் கக்கூஸ் காலம். வாளியும் தகரமும் சாம்பலுமாகத் தெருத் தெருவாகப் போனவர். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், பேத்தி எழுதியதைச் சொன்னோம். ஆயா சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "இத உங்ககிட்டயும் சொன்னனே பாப்பா. அப்ப காலேஜில படிக்கச் சொல்ல வந்தீங்களே, பேப்பர் எல்லாம் வெச்சிக்கினு. நீங்க எழுதிக்கலியா?"

எங்களுக்கு நினைவில்லை.

அன்றிரவு பழைய ஆய்வேட்டைத் தேடி எடுத்தோம். முதுகலை இரண்டாம் ஆண்டில் குழுவாகச் செய்த கள ஆய்வு. நல்ல மதிப்பெண் வாங்கியது. அதில் ஆயா 'பதிலாளர் 11'. வயது, கல்வி, குடும்ப உறுப்பினர்கள், வருமானம். அதற்குக் கீழே 'தொழிலுக்கு வந்த விதம்' என்று ஒரு கட்டம். அதில் எங்கள் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது: 'பரம்பரை'.

அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, பின்சந்து இல்லை, மாடிப் பையன் இல்லை, 'ஒரு நாளைக்குத்தானே' இல்லை. அவர் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். நாங்கள் ஒரு சொல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தச் சொல்லும் பொய். 'பரம்பரை' என்றால் தாத்தாவின் நிலம் பேரனுக்கு வருவதுபோலத் தானாக வந்தது என்று பொருள்படுகிறது. அது தானாக வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில், வேறு ஆள் அனுப்ப மாட்டோம் என்று ஊர் முடிவு செய்ததால் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓரமாக உட்கார வைத்ததால் வந்தது. அடுத்த நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும், "பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா" என்று சொன்னதால் வந்தது. இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். எங்கள் கட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை, அதனால் தப்பித்துவிட்டார்கள்.

வெளியாட்கள் யாரும் இதைச் செய்யவில்லை. அதே காலனியிலிருந்து, அதே சாதியிலிருந்து போன நாங்கள் செய்தோம். எங்கள் வீட்டிலும் ஆயாக்கள் உண்டு. படிப்பு கொடுத்த கட்டத்துக்குள் அடங்குவதை மட்டும் கேட்கப் பழகியிருந்தோம்.

ஹெர்மாய்னியைப் பற்றி முன்பு பேசியபோது அவளைப் பாராட்டினோம். அவள் கேட்டதெல்லாம் நியாயம்: கூலி, வேலை நிலைமை, அமைச்சகத்தில் எல்ஃப் பிரதிநிதி. ஆனால் அமைப்பு தொடங்கும்போது ஒரு எல்ஃபையும் கலந்துகொள்ளவில்லை. பேட்ஜ் செய்தாள், இரண்டு சிக்கிள் சந்தா வாங்கினாள், உண்டியல் குலுக்கினாள். அடுத்த வருடம் தொப்பிகளைப் பின்னி, எல்ஃபுகள் தெரியாமல் எடுக்கட்டும் என்று குப்பைக்கு அடியில் மறைத்து வைத்தாள். அவை அந்தக் கோபுரத்தைச் சுத்தம் செய்ய வருவதையே நிறுத்திவிட்டன. முழு வேலையும் டாபி ஒருவன் தலையில் விழுந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. எங்கள் ஆய்வேட்டின் முடிவுரையில் பத்துப் பரிந்துரைகள் இருக்கின்றன. அவையும் எல்லாம் நியாயமானவைதான்.

மறுபடியும் ஆயாவிடம் போனோம். தப்பு செய்துவிட்டோம், இந்த முறை முழுதாக எழுதுகிறோம், உங்கள் பெயரோடு போடுகிறோம் என்றோம். பெயரில்லாத விங்கியின் பாட்டியை நினைத்துக்கொண்டு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் சொன்னோம்.

"பேரு வேணாம்" என்றார் ஆயா.

"ஏன் ஆயா? உங்களுக்கு என்ன பயம்?"

"எனக்கு இன்னா பயம்? இவ படிக்கிற ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா யாரும் பக்கத்துல குந்த மாட்டாங்க. இவ முடிச்சிட்டு வெளிய வரட்டும். அப்புறம் இவளே போடுறதா இருந்தா போடட்டும். நான் சொன்னத எழுது. யாரு அனுப்புனாங்க, யாரு வரச் சொன்னாங்க, அதெல்லாம் எழுது. என் பேரு எதுக்கு?"

இதைக் கேட்டு வெகுநேரம் எங்களால் பேச முடியவில்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தாயிற்று. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கச் சொல்லியாயிற்று. ஒரு பள்ளி பெஞ்சில் பக்கத்தில் உட்காருவது இன்னும் நிச்சயமில்லை.

விங்கியும் வாய் திறக்க மறுத்தவள்தான். எஜமானின் ரகசியத்தைக் காப்பது தன் கடமை என்றாள். ஆயாவின் மறுப்பு அந்த வகை அல்ல. அவர் எஜமானர்களைக் காட்டிக்கொடுக்கத் தயார்; மறைக்கச் சொன்னது தன் பெயரை, அதுவும் பேத்தியின் பெஞ்சுக்காக. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் மௌனம்போலத்தான் தெரியும். பெயர் சொல்வதுதான் எப்போதும் விடுதலை என்று நாங்கள் நினைத்திருந்தோம். எப்போது, யார் வாயால், எவ்வளவு என்பதையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். கதையை எழுதாமல் விட்டது எங்கள் முதல் தவறு. கேட்காமலே பெயரைப் போட்டிருந்தால் அது இரண்டாவதாகியிருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஊர் இல்லை, பெயர் இல்லை. எங்கள் பெயரையும் போடவில்லை. போட்டால் ஊர் தெரிந்துவிடும். ஆயாவிடம் வாசித்துக்காட்டி, இரண்டு இடங்களை நீக்கிய பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது. பேத்தியும் சம்மதம் சொன்னாள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். கதை படியுங்கள், டிராகன் வருகிற கதை, மந்திரக்கோல் வருகிற கதை எல்லாம் படியுங்கள். படிக்கும்போது, சமைத்தது யார், குதிரைக்குத் தண்ணீர் காட்டியது யார், பிணத்தைத் தூக்கியது யார் என்று கேளுங்கள். அவர்களுடைய கதையை யார் வாயால் கேட்கிறோம் என்று பாருங்கள். எழுத வருமானால் எழுதுங்கள். பிறகு உங்கள் ஆய்வுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு காலனிக்குப் போவீர்கள். 'தொழிலுக்கு வந்த விதம்' என்ற கட்டம் வரும். அங்கே பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் அவர்களிடம் வாசித்துக்காட்டுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.

வாசிப்பு வட்டத்தில் இப்போது ஐந்தாம் புத்தகம் ஓடுகிறது. கிரீச்சர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வருகிறது. அது என்ன முணுமுணுக்கிறது என்று இந்த முறை பிள்ளைகள் ஒரு வரியையும் விடாமல் கேட்கிறார்கள்.

ஜெய் பீம்!